சொந்தக் கையால் சர்வீஸ்: டெல்லி, அன்றும் இன்றும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஒரு காட்சி. இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமாகச் சேர்ந்து காரின் முன்பாதி முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் மாற்றலாம். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961-லிருந்து பத்தாண்டு தயாரான கார் இது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கலொட்டி வரைந்த உருவம். அதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, அதே மிக்கலொட்டியை வைத்து 1962-ல் டிரையம்ஃப் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். வண்டலூர் ஹெரால்ட் ஓர் அசல் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொன்னால் தப்பில்லை. அம்பாசடரும் ஃபியட்டும் மட்டுமே ஓடிய தெருவில் அதுவே போதுமான பெருமை.

எழுபதுகளில் டெல்லி ஆர்.கே. புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்த ஒரு செக்டாரில், 'எம்எஸ்' என்று தொடங்கும் சென்னை எண்ணோடு அப்படியொரு ஹெரால்ட் நின்றது. சொந்தக்காரர் மத்திய அரசு அதிகாரி. எங்களுக்கெல்லாம் மாமா. ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்குப் பிறகு பனியனும் பழைய பேன்ட்டுமாக இறங்கிவருவார். டார்ச் பிடிக்க ஒரு பையன் வேண்டும். பல ஞாயிறுகளில் அந்தப் பையன் நான்.

"டார்ச்சை ஆட்டாதேடா. கேமுக்கு உச்சியில பாயிண்டோட முட்டி வந்திருக்கா பாரு."

வந்திருக்கும். அப்போது, தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் இரண்டு பாயிண்டுகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் இலையை நுழைப்பார். ஒரு இஞ்சில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி. இலை வழுக்கிப் போனால் அகலம், பிடித்து நின்றால் குறுகல், லேசாக உரசி வந்தால் சரி. பாயிண்டில் கருகல் இருந்தால் மெல்லிய எமரி தாளால் ஒரே ஒரு இழுப்பு. பிளக்குக்கு ஆயிரத்தில் 25. டப்பெட்டுக்கு எஞ்சின் ஆறிய பிறகு ஆயிரத்தில் 10. இந்த மூன்று எண்களும் ஆயில் அளவும் தெரிந்தவர் அந்தக் காருக்குப் பாதி வைத்தியர்.

மீதிப் பாதி முன் சக்கரத்தின் அடியில் இருந்தது. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை, டிரனியன் என்னும் பித்தளை உருப்படிக்குள் மரையாகத் திருகி நிற்கும். அதற்குக் கிரீஸ் கூடாது. கியர் ஆயில்தான், அதுவும் 90-ஆம் எண் கெட்டி ஆயில். கீழேயுள்ள சின்ன பிளக்கைக் கழற்றி, அங்கே நிப்பிளைத் திருகி, கிரீஸ் கன்னிலேயே ஆயிலை நிரப்பி, மேலே கசிந்து வரும்வரை அடிக்க வேண்டும். கிரீஸ் அடித்தால் அது உள்ளே காய்ந்து கெட்டியாகிவிடும். தண்ணீர் புகுந்து மரை அரித்து ஒருநாள் தண்டு முறியும். சக்கரம் அப்படியே மடங்கி விழும். பெரும்பாலும் வண்டியை நிறுத்த ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது விழும் என்பதால் உயிர் தப்பும். கரோல் பாக் மிஸ்திரிகளுக்கு அம்பாசடர் மனப்பாடம், ஃபியட் அத்துப்படி. இந்த ஒரு காருக்குக் கிரீஸ் கன்னில் ஆயில் ஊற்ற வேண்டும் என்ற விதி எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கையில் கிரீஸ் கன் எடுத்தவர் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ்தான் அடிப்பார். மாமா தன் காரைத் தானே பார்த்துக்கொண்டதற்குச் சிக்கனத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

இந்த இடத்தில் பழங்காலத்தைப் போற்றுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைய கார்க்காரர்கள் திறமைசாலிகள், இன்றைய தலைமுறைக்குக் கை கூசுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அன்றைய கார் அடிக்கடி கை வைத்தால்தான் ஓடும், அவ்வளவுதான். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாயிண்ட் தேயும், கார்புரேட்டர் அடைக்கும், பிரேக்கை இறுக்க வேண்டும். டிசம்பர் மாதத்து டெல்லிக் குளிரில் சோக்கை இழுத்துவிட்டு, அம்பாசடராக இருந்தால் முன்னால் கிராங்க் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். மூன்று கம்பெனிகள் மட்டுமே கார் செய்த நாடு, பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வரிசை. வந்த காரைக் குறை சொல்லி யாரிடம் போவது? வீட்டில் ஒரு ஸ்பேனர் பெட்டி இருந்தது ஆசையினால் அல்ல.

அசல் ஸ்போர்ட்ஸ் கார்கள் டெல்லியில் அறவே இல்லாமல் இல்லை. மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் அதிகம். தூதரகங்கள் இருந்த ஊர் அல்லவா? சாணக்கியபுரியில் பணி முடிந்து கிளம்பும் வெளிநாட்டு அதிகாரிகளின் கார்கள் அரசு வணிகக் கழகமான எஸ்.டி.சி. வழியாக விலைக்கு வரும். இன்னொரு பக்கம் சமஸ்தானத்து கராஜ்களில் தூசி படிந்து நின்ற பழைய கார்கள். 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை 1964-ல் டெல்லியில் பழங்கார் ஊர்வலப் போட்டியைத் தொடங்கியபோது அவை வெளியே வர ஒரு காரணம் கிடைத்தது. இந்தக் கார்களை வாங்கியவருக்கு 'டீலரா, வீடா' என்ற கேள்வியே கிடையாது. டீலர் என்று ஒருவர் நாட்டிலேயே இல்லை. லண்டனிலிருந்து யாராவது பெட்டியில் கேஸ்கட் கொண்டுவருவார்கள். இங்கிலாந்தில் ஜான் ஹெய்ன்ஸ் 1966-ல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டைப் பிரித்துப் பூட்டிப் படம் பிடித்து வெளியிட்ட கையேட்டிலிருந்து தொடங்கிய ஹெய்ன்ஸ் புத்தகங்கள் இங்கேயும் கைமாறிக் கைமாறி வந்தன. பக்கமெல்லாம் கரிய விரல் அடையாளம்.

பாகத்துக்குக் காஷ்மீரி கேட். மோரி கேட், நிக்கல்சன் ரோடு என்று நீளும் அந்தச் சந்தையில் பிரிவினைக்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்து கடை போட்டவர்கள் பலர். பாகத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. பழசைக் கையில் கொண்டுபோய்க் கல்லாவின்மேல் வைத்தால் போதும். இல்லாததை லேத்தில் கடைந்து கொடுக்க ஒரு உஸ்தாதும் அவரிடம் அடி வாங்கும் ஒரு சோட்டுவும் பின்சந்தில் இருப்பார்கள். பின்னாளில் உடைத்த வண்டிகளுக்கு மாயாபுரி. அன்று கவலை எல்லாம் பாகம் கிடைக்குமா என்பதில்தான். கை வைக்கலாமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அதே வண்டலூர்க் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி-1. பார்த்தால் சீறும் தோற்றம். அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி-8 எஞ்சின் உண்டு. இங்கே உள்ளே வைத்தது பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு கார் காலத்து நான்கு சிலிண்டர் எஞ்சின். ஸ்போர்ட்ஸ் கார் வேஷம் கட்டிய கார் என்று சிரித்தார்கள். 1988-ல் ஆலையே மூடப்பட்டது.

அதற்குள் டெல்லிக்குப் பக்கத்தில் குர்காவின் மாருதி ஆலை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. 1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-ன் சாவி டெல்லிக்காரர் ஒருவருக்குப் போனது. மில்லிமீட்டர் ஸ்பேனர், திறந்தால் கைக்கு எட்டும் சின்ன எஞ்சின், அதைவிட முக்கியமாக, அடிக்கடி திறக்க வேண்டிய அவசியமின்மை. கோயம்புத்தூரில் கரிவரதன் அதே எஞ்சினைப் பந்தயக் காருக்குள் வைத்து ஃபார்முலா மாருதி செய்தார். டெல்லியிலும் பையன்கள் 800-க்குப் பெரிய சைலன்சரும் அகல டயரும் போட்டுக்கொண்டு இரவில் இந்தியா கேட்டைச் சுற்றினார்கள். சொந்தமாக வேலை செய்வது தேவையிலிருந்து விருப்பமாக மாறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கார் ஓடுவதற்காகக் கை வைத்தவர்கள் போய், இன்னும் வேகமாக ஓடுவதற்காகக் கை வைத்தவர்கள் வந்தார்கள்.

பிறகு கார்புரேட்டர் போனது. அதை அனுப்பியது டெல்லியின் காற்று. உச்ச நீதிமன்ற உத்தரவால் தலைநகரில் 2000 ஏப்ரலிலிருந்து யூரோ-2 தரத்துக்குக் கீழான புதுக் காரைப் பதிய முடியாது என்றானது. எரிபொருளை இன்ஜெக்டர் பீய்ச்ச, கணினி அளந்து கொடுத்தது. மாமாவின் எண்களுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. பாயிண்ட் இல்லை, சோக் இல்லை, டப்பெட்டைப் பலவற்றில் எண்ணெயழுத்தமே சரிசெய்துகொண்டது.

இன்றைய காட்சி ஒன்று. துவாரகா பக்கம் ஓர் அடுக்குமாடியின் தூண் தளம். நண்பரின் 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. நான்கு கதவு, பெரிய டிக்கி, பார்வைக்குக் குடும்பக் கார். உள்ளே 2 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன். இந்தியாவுக்கு வந்ததே சில நூறுதான். அவர் காரை ஜாக்கியில் தூக்கவே இல்லை. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை அடிச்சட்டி வரை இறக்கிக் கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கிறார். கறுத்த எண்ணெய் பம்பின் தொட்டிக்குள் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தரை லிட்டருக்கு மேல் வரும். ஃபில்டர் எஞ்சினின் மேல்பக்கத்திலேயே இருக்கிறது. மூடியில் 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. டார்க் ரெஞ்சை அந்த அளவுக்கு வைத்து, டக் என்று சத்தம் வந்ததும் நிறுத்துகிறார். ஊற்றுவது ஃபோக்ஸ்வாகனின் 502 தரச் சான்று பெற்ற ஆயில். கேபின் ஃபில்டரை வெளியே எடுத்தபோதுதான் டெல்லியில் இருக்கிறோம் என்பது உறைத்தது. தீபாவளிக்குப் பிந்தைய மாதங்களின் சாட்சியாக அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

அவ்வளவு சுத்தமாக நடந்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியது ஒரு காவலாளி.

"சாப், இங்கே வண்டி வேலை செய்யக் கூடாதாம். செக்ரட்டரி சாப் கேமராவில் பார்த்துவிட்டார்."

பொது இடத்தில் வாகனப் பழுது கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தின் விதி. நியாயமான விதிதான், ஆயில் கொட்டினால் வழுக்கி விழப்போவது பக்கத்து வீட்டுப் பாட்டி. நண்பர் தரையில் விரித்திருந்த தார்பாலினைக் காட்டினார், இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சினார். அரசுக் குடியிருப்பில் மாமாவுக்கு ஒரு வேப்பமரமும் நாளெல்லாம் நிழலும் இருந்தன. கோட்டி எனப்படும் தனி வீடுகள் இடிந்து, தளந்தோறும் தனியாக விற்கும் பில்டர் ஃபுளோர்களாக எழுந்த தெற்கு டெல்லியில் ஆளுக்கு ஒரு கார் அகலம்தான் சொந்தம். அதற்கும் தகராறு.

இடம் கிடைத்தாலும் அடுத்த பூட்டு மென்பொருள். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் பொருத்திய பல கார்களில் பின் பிரேக் பேட் மாற்ற வேண்டுமானால், அதன் மோட்டாரைப் பின்வாங்கச் சொல்லிக் கட்டளை இட வேண்டும். அதற்கு ஒரு கேபிளும் மடிக்கணினியும் போதும். நண்பரின் கார் தலைமுறை வரை அது நடந்தது. 2019-ல் வெளியான எட்டாம் தலைமுறை கோல்ஃபிலிருந்து ஃபோக்ஸ்வாகன் குழுமம் பல கட்டளைகளைக் கம்பெனி சர்வரின் அனுமதி இல்லாமல் ஏற்காதபடி பூட்டிவிட்டது. அந்தத் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் 53 லட்ச ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. முதல் தவணையாக வந்த 150-ம் உடனே விற்றன. அவற்றைக் காதலோடு வாங்கியவர்களில் பலர் பானெட்டைத் திறந்து பார்க்கும் சாதியினராகத்தான் இருப்பார்கள். பிளக்கை மாற்றலாம், ஆயிலை மாற்றலாம். காரிடம் பேசத்தான் அனுமதி வாங்க வேண்டும். திருட்டையும் விஷமத்தையும் தடுக்கவே பூட்டு என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதில் உண்மை இருக்கிறது. சாவி ஒரே ஒரு வியாபாரியிடம் இருப்பதன் லாபமும் அதே அளவுக்கு உண்மை.

இந்த லாபத்தைப் பற்றிய மிகப் பெரிய வழக்கு நடந்த ஊரும் டெல்லிதான். வெளிச்சந்தையில் அசல் பாகங்கள் கிடைப்பதில்லை, டீலரிடம்தான் போக வேண்டியிருக்கிறது, சொன்னதுதான் விலை என்று 2011-ல் ஒரு கார் உரிமையாளர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். மூன்று கம்பெனிகளைப் பற்றிய புகார் விசாரணையில் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் 14 கார் தயாரிப்பாளர்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பலருக்கு நினைவிருப்பது அபராதம். அதைவிடப் பெரிது கூடவே வந்த உத்தரவு: பாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் வெளி கராஜ்களுக்குக் கிடைக்க வேண்டும்; வெளியே வேலை செய்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது; வெளியே நடந்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். அமெரிக்காவில் இதே பொருள்பட 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு இழுத்தது. நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24-ல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஓர் இணையதளம் திறந்தது. அதில் மோட்டார் வாகனத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம்தான் இன்னும் வேண்டியிருக்கிறது.

ஆனால் சர்வீஸ் கவுண்டரில் நிற்கிறவருக்கு ஆணையத்தின் வாசகம் எங்கே தெரிகிறது? 'வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் சார்' என்று அங்கே சொல்லும் ஒரு வரிதான் சட்டமாகிவிடுகிறது. இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. காரை விற்கும்போது வாங்குபவர் கம்பெனியின் கணினியில் உள்ள சர்வீஸ் வரலாற்றைக் கேட்கிறார். சொந்தமாக எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அந்த வரலாற்றில் ஓர் ஓட்டை விழும். தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பில், புது ஃபில்டரின் படம் எல்லாவற்றையும் கோப்பாக வைத்திருக்கிற என் நண்பரைப் போன்றவர்கள் அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறார்கள்.

டீலரைத் திட்டி முடிக்க எனக்கு மனமில்லை. போலி பாகங்கள் டெல்லிச் சந்தையின் பழைய நோய். அசல் போலவே பெட்டி, அசல் போலவே ஹாலோகிராம், உள்ளே காகிதத்தின் மடிப்புகள் மட்டும் பாதி. டர்போ எஞ்சினுக்கு அந்த ஃபில்டர் விஷம். பழைய பாகத்தைக் கல்லாவில் வைத்துப் புதுசு வாங்கும் காஷ்மீரி கேட் முறை ஹெரால்டுக்குச் சரி; 230 குதிரைக்கு நம்பகமான கடையும் பாக எண்ணும் வேண்டும். ஏர்பேக், பிரேக் ஹைட்ராலிக்ஸ், மின்காரின் உயர் அழுத்தக் கம்பி ஆகியவற்றில் யூடியூப் பார்த்துக் கை வைப்பவரை என்னால் பாராட்ட முடியாது.

டெல்லிக்கே உரிய கடைசிப் பூட்டு ஒன்று இருக்கிறது. ஸ்கோடா முதன்முதலில் இந்தியாவுக்கு ஆர்எஸ் முத்திரையோடு கார் கொண்டுவந்தது 2004-ல்; 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரை. அந்த நாளில் அது கனவு. டீலர்கள் அந்தக் காரை மறந்தபின்னும் அதைச் சொந்தக் கையால் காப்பாற்றியவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். டைமிங் பெல்ட், டர்போ ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் அவர்களே மாற்றியவை. 2019-ல் அதற்கு 15 வயது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ல் இட்ட உத்தரவுகளின்படியும், 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தபடியும், தலைநகர் வட்டாரத்தில் 15 வயது தாண்டிய பெட்ரோல் காரும் 10 வயது தாண்டிய டீசல் காரும் ஓடக் கூடாது. புகைச் சோதனையில் எவ்வளவு தேறினாலும் கணக்கில்லை, வயதுதான் கணக்கு. வேறு மாநிலத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்கி அனுப்பலாம், இல்லையேல் உடைக்கக் கொடுக்கலாம். 2025 ஜூலை 1-ல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு டெல்லி பெட்ரோல் பங்க்குகளில் எரிபொருளே கிடையாது என்றார்கள், கேமராவும் வைத்தார்கள். கூச்சல் எழுந்து சில நாளில் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பிஎஸ்-4 மாசுத் தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. 2004 ஆர்எஸ் அதற்குள் வராது.

இன்னொரு பக்கம், மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் விதிப்படி, உருவம் மாறாத 50 வயது தாண்டிய கார் 20,000 ரூபாய் கட்டிப் பதிந்தால் 'விஏ' எழுத்துடன் தனி எண் பெறலாம். ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் சாலையில் எடுக்கலாம். ஆக, மாமாவின் ஹெரால்ட் இன்று இருந்தால் அது கௌரவமான கிழவன். அதன் எஞ்சினைவிட மிகக் குறைவாகப் புகை விடும் 2004 ஆர்எஸ்ஸுக்கு இடமில்லை. 15 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவே 35 ஆண்டுகள். அந்தப் பள்ளத்தைத் தாண்டி, பிஎஸ்-4-க்கு முந்தைய எந்தக் காரும் டெல்லியில் விண்டேஜ் ஆக முடியாது. வெளியூரில் வளர்ந்து திரும்பினால்தான் உண்டு. இது காற்றைக் காப்பாற்றும் விதி என்று ஒப்புக்கொண்டாலும், வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓடும், நன்றாகப் பராமரித்த சிறு எண்ணிக்கைக் கார்களுக்குத் தனிச் சோதனையும் தனி அனுமதியும் வைப்பதில் காற்று கெட்டுவிடாது. நான் சொல்வேன், அவசியம் வைக்க வேண்டும்.

ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கும் புதுக் கவலை இல்லாமல் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் ஊறி விரிசல் விடுகின்றன. மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்கில் ஈரம் சேர்கிறது. எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுவது இப்போது அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. டிரனியனுக்கு இன்னமும் 90-ஆம் எண் ஆயில்தான்.

சொந்தக் காரை வீட்டில் சர்வீஸ் செய்ய நினைப்பவருக்கு இரண்டே வார்த்தை. வாரண்டி இல்லை என்று கவுண்டரில் யாராவது சொன்னால் எந்தப் பழுதுக்கு, எந்த வேலை காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். 2014 உத்தரவின் வாசகத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். மாமா காலத்தில் பழைய ஆயிலைக் கறையான் வராமல் இருக்க நிலைச்சட்டத்துக்குப் பூசுவார்கள், மிச்சம் சாக்கடைக்குப் போகும். 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு. கேனில் ஊற்றி மூடி, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகும்படி ஏதாவது ஒரு பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள்.